கழுதை ஏன் சத்தியெடுப்பதில்லை?

மன்னார்ப் பட்டினத்து வீதிகளிலே கழுதைகளுக்குள்ள உரிமை வேறெவர்க்கும் இல்லை எனலாம். கடைகளின் முன்றிலிலும், கோட்டையை அடுத்த வெளியிலும், மதில் நிழலிலும் அவை நின்று உலகை நோக்கும் பொறுமை துறவியர்க்கும் வாய்ப்பது அரிது. முற்காலத்தில் அராபிய வணிகர் கப்பலேற்றிக் கொணர்ந்தவற்றின் வழித்தோன்றல்களே இவை என்பது இவ்வூர் வழக்கு. பொதி சுமந்த காலம் போயிற்று. இன்று அவற்றுட் பலவற்றுக்கு உடையவரும் இல்லை. புல் கருகும் கோடையிலே குப்பைமேடுதான் அவற்றுக்கு மேய்ச்சல் நிலம். உயிரியல் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இக்கழுதைகளைப் பற்றி எம்மிடம் ஒரு வினா விடுத்தார். "சேர், நாய் சத்தியெடுக்கிறது, பூனை சத்தியெடுக்கிறது. இந்தக் கழுதை பொலித்தீனையும் பழஞ்சோற்றையும் ஒன்றாகத் தின்கிறதே, அது சத்தியெடுத்ததை யாராவது கண்டதுண்டா?" வகுப்பு முழுவதும் சிரித்தது. வினாவோ சிரித்துத் தள்ளத்தக்கதன்று.

அதற்குரிய விடை ஒரு வாயிலிலே இருக்கிறது. தொண்டையிலிருந்து கீழிறங்கும் உணவுக்குழாயை எமது பாடநூல்கள் களம் என்று அழைக்கும். அது நெஞ்சறையைக் கடந்து, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகட்டின் துவாரத்தினூடே புகுந்து, இரைப்பையைச் சேருகிறது. சேருமிடத்தில் வளையம்போற் சூழ்ந்து இறுகி நிற்கும் தசை உண்டு. விழுங்கியது வரும்போது அத்தசை நெகிழ்ந்து வழிவிடும். உட்புகுந்ததும் மீண்டும் இறுகும். குதிரைக்கும் கழுதைக்கும் இத்தசை மிக வலியது. அன்றியும், களம் இரைப்பையினுட் சாய்வாகப் புகுவதனால், இரைப்பை நிரம்பி விம்மும்போது வாயில் இன்னும் இறுக அடைபட்டுப் போகிறது. ஆகவே அவ்விலங்குகளுக்கு உள்ளே போனது போனதுதான். இது வரமோ சாபமோ எனில், பல வேளைகளிற் சாபமே. தீனி புளித்து வாயு பெருகினாலோ, தின்னத்தகாததைத் தின்று குடல் அடைபட்டாலோ, மேல்வழியாக வெளியேற்ற வகையின்றி இரைப்பை வெடித்து விலங்கு மாள்வதும் உண்டு. எமது வீதிக் கழுதைக்குப் பொலித்தீன் பை எத்துணை பெரிய பகை என்பதை இதனால் உய்த்துணரலாம்.

தசையைப் பற்றி இவ்வளவு போதும். நாம் சொல்ல விரும்புவது அவ்வாயிலின் உட்புறத்தைப் போர்த்துள்ள மெல்லிய இழையத்தைப் பற்றியே. களத்தின் உட்போர்வை எமது வாயின் உட்போர்வையைப் போன்றது. தட்டையான கலங்கள், ஓடு வேய்ந்தாற்போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படைகளாய் அடுக்கப்பட்டிருக்கும். படைகொண்ட செதின்மேலணி என்று மாணவர் மனனஞ் செய்வது இதனையே. சோற்றுப் பருக்கையும் மீன்முள்ளும் உரசிச் செல்லும் வழியாதலின் தேய்ந்தாலும் குறைவுபடாத அமைப்பு அது. மேற்படை உதிரக் கீழ்ப்படை எழுந்து நிற்கும். ஆயின் அமிலத்தைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. இரைப்பையின் போர்வை இதற்கு நேர்மாறானது. தூண்களை நெருக்கி நிறுத்தினாற்போன்ற ஒற்றைப்படைக் கலங்கள். அவற்றின்மேற் கொழகொழவென்ற சீதம். தேசிக்காய்ப் புளியினும் கடுமையான அமிலம் அதன்மேற் கிடந்தாலும் அச்சீதத்தின் காவலால் இழையம் வேகாமல் இருக்கும். ஒன்று உரசலுக்கு அஞ்சாதது. மற்றது அமிலத்துக்கு அஞ்சாதது.

இவ்விரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பதிலேதான் கழுதைக்கும் எமக்கும் வேற்றுமை. கழுதையிலே களத்தின் போர்வை வாயிலோடு நிற்பதில்லை. வாயிலைக் கடந்து உட்சென்று, இரைப்பையின் மேற்பகுதியையும் போர்த்த பின்னரே முடிவடைகிறது. முடியுமிடத்திலே வயல்வரம்பைப் போலப் புடைத்த ஒரு விளிம்பு இரைப்பையினுள்ளே வளைந்து செல்லும். குதிரையினத்துக்கு வரும் இரைப்பைப் புண்களுட் பெரும்பாலானவை இவ்வரம்பை ஒட்டியே உண்டாகின்றன. காரணம் அறியத்தக்கது. இவ்விலங்குகளின் இரைப்பையில் அமிலம், தீனி இருப்பினும் இல்லாவிடினும், இராப்பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். அதனை ஆற்றும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். நாளின் பெரும்பகுதியை மேய்வதிற் கழிக்கும் உயிருக்கு இவ்வேற்பாடு பொருத்தமானதே. மேய்ச்சல் இன்றிப் பட்டினி கிடக்கும்போது அமிலம் வரம்பைத் தாண்டித் தெறிக்கிறது. தாங்கமாட்டாத போர்வை வெந்துபோகிறது. கழுதைகளுக்கென ஒரு சிகிச்சை நிலையம் மன்னாரில் அமைக்கப்பட்டது. கழுதைக்கும் வைத்தியமா என்று நகைப்போர், வெறுவயிற்றோடு மதிலோரம் நிற்கும் அந்தப் பிராணியின் வரம்பை ஒருகணம் எண்ணிப் பார்ப்பாராக.

இனி எமது வாயிலுக்கு வருவோம். மனிதரின் முன்வாய்ப் பற்களிலிருந்து அளந்தால் ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் தொலைவில் அது உள்ளது. அங்கே இருவகைப் போர்வைகளும் சந்திக்கும் கோட்டைக் கண்ணாலேயே காணலாம். மேலே முத்துச்சிப்பியின் உட்புறம் போன்ற வெளிறிய நிறம்; கீழே செங்கபிலச் சதைநிறம். இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லை நேர்கோடன்று. பற்பல்லாக முன்னும் பின்னுமாகச் செல்வது. ஆங்கில எழுத்தின் வடிவைக் கருதி வைத்தியர்கள் அதனை இசட் கோடு என்பர். தலைமன்னார் முனையில் நின்று மணற்றிட்டுகளை நோக்கியவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஒருபுறம் பாக்குக் கடல், மறுபுறம் மன்னார் வளைகுடா. சோளகம் வீசுங் காலத்தில் தெற்கே அலை புரள வடக்கே கடல் அடங்கிக் கிடக்கும். வாடைக்காலத்தில் அது மாறும். இடையிலுள்ள மணலெல்லையை எவரும் அளவுகோல் வைத்து வரைந்ததில்லை.

அந்த எல்லையைக் காப்பது மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீளமுள்ள இறுக்குதசை. அதற்குத் துணையாகப் பிரிமென்றகட்டின் நார்கள் வெளியிலிருந்து பற்றிப் பிடிக்கின்றன. எமது வாயில் கழுதையின் வாயிலைப்போல ஒருவழிப் பாதையன்று. ஏப்பம் விடுவதற்கு அது அவ்வப்போது திறக்கத்தான் வேண்டும். நஞ்சு உட்சென்றால் வெளியே தள்ளவும் வேண்டும். பிறந்த குழந்தையிலே இக்காவல் இன்னும் முதிர்ச்சியடைவதில்லை. அதனாற்றான் பால் குடித்த குழந்தை தோளிலே கக்குகிறது. கக்கின பிள்ளை தக்கும் என்று எம் பாட்டிமார் சொன்னது பெரும்பாலும் மெய்யே. எடை கூடிவரும் பிள்ளை சிறிது பாலைக் கக்குவதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆண்டொன்று நிறையும் அளவில் அது தானே நின்றுவிடும். எடை கூடாத பிள்ளை, பச்சை நிறமாகக் கக்கும் பிள்ளை, பீறிட்டுக் கக்கும் பிள்ளை ஆகியோருக்குப் பாட்டியின் பழமொழி போதாது; வைத்தியரே வேண்டும்.

எம் கடலிலுள்ள இரண்டு உயிர்கள் இதே சிக்கலுக்கு வேறு வகையில் விடை கண்டிருக்கின்றன. ஆவுளியா என்று எம்மவர் அழைக்கும் கடற்பசு, கடற்புல்லை வேரோடும் மணலோடும் பிடுங்கித் தின்னும் விலங்கு. மணல் ஓயாது உரசும் இரைப்பையிலே அமிலஞ் சுரக்கும் மென்மையான கலங்களைப் பரப்பி வைத்தால் அவை எத்தனை நாளைக்கு நிலைக்கும்? ஆகவே அக்கலங்களெல்லாம் இரைப்பைச் சுவரிலிருந்து ஒதுங்கி, உருண்டையான ஒரு தனிச்சுரப்பியினுள்ளே திரண்டிருக்கின்றன. அங்கிருந்து சாறு மட்டும் உள்ளே வருகிறது. ஒரு காலத்தில் மன்னாரில் இவ்விலங்கின் இறைச்சி விற்பனைக்கு வந்ததுண்டு. இன்று இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டம் அதனைக் காக்கிறது. 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அக்கரையில், பாக்குக் கடலிலே, 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாவுக்கென ஒதுக்கியது. கடலாமையின் களமோ வேறு விந்தை. அதன் உட்புறமெங்கும் தாழம்பூ மடலின் முட்களைப்போலக் கூரிய முனைகள் இரைப்பையை நோக்கிச் சாய்ந்து நிற்கும். இரையோடு விழுங்கிய கடல்நீரை ஆமை வெளியே உமிழும்போது, இரை மட்டும் அம்முனைகளிற் சிக்கி உள்ளே தங்கும். இரைப்பையின் வாயிலுக்கு வந்ததும் முட்கள் முடிந்து மென்மையான போர்வை தொடங்கிவிடுகிறது.

மனிதருக்கு முள்ளும் இல்லை, தனிச்சுரப்பியும் இல்லை. ஆகையாற் காவற்றசை தளர்ந்தால் அமிலம் மேலேறுகிறது, நெஞ்செரிவு உண்டாகிறது. இரவு பத்து மணிக்குக் கொத்துரொட்டியை வயிறுமுட்ட உண்டு, பத்தேகாலுக்குப் பாயில் மல்லாந்து படுப்போர் இதனை நன்கு அறிவர். சாரத்தை வயிற்றுக்கு மேலே இறுகக் கட்டுவோர், உண்டவுடன் குனிந்து வலையிலிருந்து மீன் கழற்றுவோர், புகைப்போர், குடிப்போர், உடல் பருத்தோர், நிறைமாதக் கர்ப்பிணிகள் ஆகிய எல்லோருக்கும் வெவ்வேறு காரணங்களால் இது நேரும். விரத நாள் முழுவதும் வெறுவயிறாய் இருந்து, இரவில் ஒரே வீச்சில் இரண்டு நாள் உணவை உண்பதும் அவ்வாறே. எரிவைத் தணிக்க விலையில்லா வழிகள் சில உண்டு. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே உண்டு முடித்தல் ஒன்று. கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ்க் கல் வைத்து ஒரு சாண் அளவுக்கு உயர்த்துதல் மற்றொன்று. தலையணையை அடுக்குவதிற் பயனில்லை, அதனால் இடுப்பு மடிந்து வயிறு இன்னும் அமுங்கும். இடப்பக்கமாகச் சரிந்து படுத்தலும் நன்று. அப்போது இரைப்பையின் பெரும்பை கீழும் வாயில் மேலுமாக அமைந்துவிடுவதனால் அமிலம் ஏற வகை குறைகிறது.

எரிவு ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எல்லைக்கோடு தானே நகரத் தொடங்கும் என்பதுதான் வியப்பு. மன்னாரின் கரையோர வயல்களிலே கடல்நீர் ஏறினால் நெல் மடிந்து அங்கே உமரி முளைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அதுபோலவே அமிலம் ஏறி ஏறிச் செதிற் போர்வை அழிந்த இடத்தில், அமிலத்துக்கு ஈடுகொடுக்கும் தூண்வடிவக் கலங்கள் முளைத்துக் களத்தின் மேலே படர்கின்றன. நுணுக்குக்காட்டியில் நோக்கினால் அவை இரைப்பையினுடையனவாகக் கூடத் தோன்றுவதில்லை. குடலுக்குரிய கிண்ணக் கலங்கள் அவற்றினிடையே காணப்படும்.

இந்நிலைமைக்கு நோமன் பாரெற் என்னும் இலண்டன் சத்திரசிகிச்சை வல்லுநரின் பெயர் வழங்குகிறது. அப்பெயர் அமைந்த கதை சுவையானது. 1950ஆம் ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையிலே, இவ்வாறு தூண்கலங்களாற் போர்க்கப்பட்ட குழாய் களமே அன்று, நெஞ்சறைக்குள் இழுக்கப்பட்ட இரைப்பையே என்று வாதித்தார். 1953இல் லீட்ஸ் நகரத்து பிலிப் அலிசனும் ஜோன்ஸ்ரனும் அதனை மறுத்து, அது களமே, போர்வைதான் வேறு என்று காட்டினர். 1957இல் பாரெற் அவர்கள் கூற்றை ஏற்று எழுதினார். எதிர்வாதம் செய்தவர்களின் பெயர் மறைந்தது. இசைந்தவரின் பெயர் நிலைத்தது! புகழ் எவ்வழி செல்லும் என்பதை எவர் அறிவார்?

பாரெற்றின் களம் என்றதும் புற்றுநோய் என்று நடுங்க வேண்டியதில்லை. அந்நிலைமை உடையோரில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குச் சிலரே புற்றுநோய் அடைவதாக அறிஞர் கணித்துள்ளனர். காலத்துக்குக் காலம் சோதித்துப் பார்த்தால், கலங்கள் நெறிதவறத் தொடங்கும்போதே கண்டு நீக்கவும் இயலும். அமிலச் சுரப்பைத் தணிக்கும் ஒமிப்பிரசோல் முதலிய மருந்துகளும் 1980களின் இறுதி முதல் வழக்கில் உள்ளன. அவற்றை மருந்துக்கடையில் தாமே கேட்டு வாங்கி மாதக்கணக்காக விழுங்குவோரைக் காண்கிறோம். எரிவு அடங்கிவிடும், எரிவுக்குக் காரணம் என்னவென்பது மட்டும் தெரியாமலே போய்விடும்.

ஆயினும் எமது நாட்டிற் களத்துப் புற்றுநோயின் பெரும்பகுதி இவ்வழியாக வருவதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். இலங்கையில் ஆண் பெண் இருபாலாரிடத்தும் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் ஒன்று அது. மேனாடுகளிலே வாயிலை அண்டித் தூண்கலங்களில் நோய் தோன்றுவது மிகுந்திருக்க, இங்கோ வாயிலுக்கு மேலே, செதிற் போர்வையிலேதான் பெரிதும் தோன்றுகிறது. குற்றவாளி வெற்றிலைத் தட்டத்திலேயே இருக்கிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலையை மட்டுமன்றிப் பாக்கைத் தனியாகவும் புற்றுநோய் விளைப்பதென்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் உறுதிசெய்தது. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டிற் பருகும் பானங்களும் ஐயத்துக்குரியவை என 2016இல் அந்நிறுவனமே கூறியது. தாம்பூலம் மங்கலப் பொருள் என்பதை மறுப்பவர் நாமல்லோம். சபையில் ஒருமுறை வெற்றிலை தரித்தல் வேறு. விடிந்தது முதல் பொழுது சாயும்வரை பாக்கையும் புகையிலையையும் கொடுப்பில் அடக்கி வைத்திருத்தல் வேறு.

எமக்குப் பெரியம்மா முறையான மூதாட்டி ஒருவர் இருந்தார். வெற்றிலை இடிக்கும் உரல் அவர் மடியை விட்டு நீங்கியதில்லை. ஒருநாள் முதல் சோற்றைக் குழையப் பிசைந்து உண்ணலானார். பின்னர் ரசத்தைக் கரைத்து ஊற்றிக்கொண்டார். பின்னர் கஞ்சி. பல்லில்லாதவர்தானே என்று வீட்டார் இருந்துவிட்டனர். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க அவரும் விரும்பவில்லை. சட்டையின் தோள் சரிந்து விழத் தொடங்கிய பின்னரே மருமகள் கவனித்தாள். அப்போது தண்ணீரும் இறங்கவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்பே சோறு இறங்காத செய்தியை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அக்குடும்பத்தார் இன்றும் பேசிக்கொள்கின்றனர். விழுங்குதல் நாளுக்கு நாள் கடினமாதல், காரணமின்றி மெலிதல், கரிய மலம், இரத்தம் கலந்த சத்தி, ஐம்பதை அண்டிய வயதிற் புதிதாகத் தோன்றி நீங்காத எரிவு ஆகியவற்றை வீட்டு வைத்தியத்தால் மூடி வைக்கலாகாது. விழுங்க இயலாமை எல்லாம் புற்றுநோயும் அன்று. வாயிற்றசை நெகிழ மறுப்பதே ஒரு தனிநோய். 1674ஆம் ஆண்டிலேயே தோமஸ் வில்லிஸ் என்னும் ஆங்கில வைத்தியர், திமிங்கிலத்தின் வாயெலும்பு நுனியிற் கடற்பஞ்சைக் கட்டி, அத்தகைய நோயாளி ஒருவரின் உணவை உள்ளே தள்ளி வாழவைத்ததாக எழுதியுள்ளார்.

இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இரைப்பையின் இவ்வாயிற்புறத்துக்கு மேனாட்டு வைத்தியர் இட்ட பெயர் இதயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது; இதயம் அதற்கு மிக அண்மையில் இருப்பதே காரணம். எமது நெஞ்செரிவு என்ற சொல்லிலும் நெஞ்சு இருக்கிறது. அண்மை காரணமாக நோவும் இடம் மாறித் தோன்றும். நெஞ்சை அழுத்தும் நோவு இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவினால், உடல் வியர்த்து மூச்சு வாங்கினால், அது வாய்வு என்று இஞ்சிச்சாறு குடித்துக் காத்திருத்தல் உயிருக்கே கேடாகும். அந்நேரத்தில் எவ்வாகனம் கிடைக்குமோ அதில் ஏற்றி ஆசுப்பத்திரிக்குச் செல்வதே செய்யத்தக்கது. வாய்வு என்று பின்னர் தெரிந்தால் நகைத்துக்கொண்டு திரும்பி வரலாம்.

வாயிலை நேரிற் காணும் வழி வந்து வெகுகாலம் ஆகவில்லை. வளையும் கண்ணாடி நாரினாலான உள்நோக்கியை 1957ஆம் ஆண்டில் பாசில் ஹேர்ஷோவிற்ஸ் என்பவர் அமெரிக்காவின் மிச்சிகனிலே முதலில் தம் தொண்டையினுள்ளேயே செலுத்திப் பார்த்தார். சில நாள் கழித்தே நோயாளிக்குச் செலுத்தினார். இன்று அச்சோதனை ஆசுப்பத்திரிகளில் அன்றாடம் நிகழ்வது. வடக்கிலே புற்றுநோய்க்கான பெரிய மருத்துவமனை தெல்லிப்பழையில் எழுவதற்கு, 2011ஆம் ஆண்டில் தெய்வேந்திரமுனை முதல் பருத்தித்துறை வரை நாட்டின் நெடுக்கை நடந்து பொருள் திரட்டியவர்களும் காரணர். குழாய் விழுங்குதல் என்ற சொல்லைக் கேட்டே அஞ்சி ஒளிப்போர் எம்மூரில் மிகப் பலர். அவர்களுக்காக அச்சோதனையின் நடைமுறையைச் சொல்லி வைக்கிறோம். ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவின்றி இருக்க வேண்டும். தொண்டையில் மரப்பு மருந்தைத் தெளிப்பார்கள். வேண்டுவோர்க்கு மயக்கம் தரும் ஊசியும் இடுவார்கள். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, சுண்டுவிரல் அளவு தடித்த குழாயை மெல்லச் செலுத்துவார்கள். ஓங்காளிக்கும், மூச்சு முட்டுவதில்லை, ஏனெனிற் குழாய் செல்லும் வழி மூச்சுவழி அன்று. ஐயமான இடத்தில் அரிசி நொய்யளவு இழையம் கிள்ளி எடுப்பார்கள். அது நோவதும் இல்லை. எல்லாம் பத்து நிமிடத்துள் முடியும். மரப்பு நீங்க ஒரு மணி நேரம் செல்லும். அதன்பின் தேநீர் அருந்தலாம். ஆறவிட்டு அருந்துவது நன்று.